வரையத் தெரியாத ஆசிரியரும் ஓவிய வகுப்பு எடுக்கலாம்

ராமநாதபுரம் பக்கம் ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய், பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "பிடித்ததை வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கால் மணி நேரத்தில் பெரும்பாலும் ஒரே படம்தான் வந்து சேரும்: இரண்டு மலை, நடுவில் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு வீடு, ஒரு தென்னை, வானத்தில் நாலைந்து காக்கை. மலையே கண்ணில் படாத ஊர் அது. பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் கண்மாயும் கருவேலங்காடும் பனையும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடத் தாளில் வராது. சென்னையிலும் தஞ்சாவூரிலும் கேட்டாலும் இதே மலைதான் வரும். யாரோ பலகையில் போட்டதைப் பார்த்து அக்கா வரைந்தாள், அக்காவைப் பார்த்துத் தம்பி வரைந்தான். கண்ணால் பார்த்து வரைந்தவர் அந்த வரிசையில் யாருமே இல்லை.

ஒன்று முதல் எட்டு வரை ஏதாவது ஒரு வகுப்பை எடுப்பவர், ஓவியம் படிக்காதவர், ஆனாலும் பிள்ளைகளுக்கு ஓவியம் கிடைக்க வேண்டும் என்று நினைப்பவர்: இந்தக் கட்டுரை அவர்களுக்காக. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தனியார் பள்ளிக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

உங்களுக்கு வரையத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஓவிய வகுப்பில் பிள்ளைகள் முதலில் பழக வேண்டியது பார்ப்பதற்கு. நீங்கள் பலகையில் ஒரு யானையை அழகாகப் போட்டுவிட்டால் நாற்பது பேரும் உங்கள் யானையைத்தான் வரைவார்கள். அப்புறம் யாரும் யானையைப் பார்க்க மாட்டார்கள். வரையத் தெரியாத ஆசிரியர் பலகைப் பக்கமே போகமாட்டார் என்பதால், ஒரு வகையில் அவர் வகுப்பு நன்றாகவே அமையும்.

முதலில் நேரம்

கால அட்டவணையில் ஓவியத்துக்கு என்று ஒரு பாடவேளை பெரும்பாலும் இருக்கும். தேர்வு நெருங்கும்போது அதைக் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான சிக்கல். எனவே வேலை தலைமையாசிரியர் அறையில் தொடங்குகிறது. வெறும் ஆர்வத்தோடு போகாமல் கையில் விஷயத்தோடு போங்கள். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலை ஒரு கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரை நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளியில் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் பகுதிநேர ஆசிரியர்கள் வேலைக்கு வந்தது இந்த வழியில்தான். உங்கள் பள்ளிக்கோ பக்கத்துப் பள்ளிக்கோ அப்படி ஓர் ஓவிய ஆசிரியர் வருகிறார் என்றால் முதலில் அவரிடம் பேசுங்கள். வாரத்தில் மூன்று அரை நாள்தான் அவருக்கு. அந்த நேரத்தில் அவர் ஆறு, ஏழு, எட்டைப் பார்த்துக்கொள்ள, கீழ் வகுப்புகளை நீங்கள் எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து திட்டமிடலாம்.

தலைமையாசிரியரிடம் எடுபடும் இன்னொன்று மதிப்பெண். ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறையில், பருவம் முழுக்க வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டின் முதல் பகுதி செயல்பாடுகளுக்கானது. அறிவியலுக்கோ சமூக அறிவியலுக்கோ பிள்ளைகள் செய்யும் படமும் மாதிரியும் அதில் கணக்குக்கு வரும். "பாடம் ஒன்றும் கெடாது சார்" என்று சொல்ல இது போதும்.

ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பொருள்களைக் கொடுக்க ஐந்து நிமிடம், கழுவி அடுக்கப் பத்து நிமிடம் போனால் மீதி இருபத்தைந்து. பென்சில் வேலைக்கு அது சரி, வண்ணத்துக்குப் பற்றாது. வாரம் ஒரு பாடவேளையை விட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்து இரண்டு பாடவேளை கிடைத்தால் நல்லது. அதையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டு வாங்குங்கள். எப்படியும் கை கழுவப் போகும் நேரம், படங்களும் காய்ந்துகொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை மட்டும் வேண்டாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளையின் கையில் ஈரத் தாள் இருந்தால் யாருக்கும் நிம்மதி இல்லை.

ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்பு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். மற்ற பாடங்களுக்கு அது தொல்லை. ஓவியத்துக்கு அப்படி இல்லை. ஒரே வேப்பிலையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் வரையலாம், அவரவர் கண்ணுக்கு எட்டியது வரும்.

கையில் என்ன இருக்கிறது

கடைக்கு ஓடுவதற்கு முன் அலமாரியைத் திறந்து பாருங்கள். தொடக்க வகுப்புகளுக்குக் கிரேயானும் வண்ணப் பென்சிலும் விலையில்லாப் பொருள்களாக வருகின்றன. பல பள்ளிகளில் அவை பிள்ளைகளின் பையிலோ பீரோவிலோ அப்படியே கிடக்கும். செயல்வழிக் கற்றல் வந்தபோது வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கென்று போட்ட கரும்பலகை இன்னும் இருந்தால் அது பெரிய சொத்து. கையை வீசிப் பெரிதாக வரையச் சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தாளுக்கு, அலுவலகத்தில் ஒரு பக்கம் அச்சான காகிதம், பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகை உறை எல்லாம் உதவும்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான்: கெட்டியான டிராயிங் ஷீட், பெரிய டப்பாவில் ஃபெவிகால், சில தட்டைப் பிரஷ், கொடி கட்டக் கயிறும் துணிக் கிளிப்பும். பிரஷ் பற்றாவிட்டால் வேப்பங்குச்சியின் நுனியை நசுக்கி நாராக்கினால் ஒரு வகுப்புக்குத் தாங்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பொதுவாக "கலைக்கு நிதி வேண்டும்" என்று கேட்பதைவிட, இந்தப் பட்டியலை விலையோடு எழுதிக் காட்டுவது பலன் தரும்.

அழிரப்பரை மட்டும் வகுப்பில் அனுமதிக்க வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன். ரப்பர் கையில் இருக்கும் பிள்ளை ஒரு கோடு போட்டு நான்கு முறை அழிக்கும், பாடவேளை முடியும்போது தாள் கிழிந்திருக்கும். கோடு தப்பாகத் தோன்றினால் பக்கத்தில் இன்னொரு கோடு போடச் சொல்லுங்கள். இரண்டும் இருக்கட்டும். மாதம் ஒன்று போனால் பிள்ளைகள் ரப்பரைத் தேட மாட்டார்கள்.

மண்ணிலிருந்து வண்ணம்

பள்ளியில் வண்ணம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம், காலடியில் இருக்கிறது. புதுக்கோட்டையில் செம்மண், கோவில்பட்டியில் கரிசல், தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் சிவப்பு மணல். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் கொண்டுவரச் சொன்னால், ஒரே ஊரில் நான்கைந்து நிறம் வந்துவிடும். அதுவே பாதி வகுப்பு.

செய்முறை இதுதான். மண்ணை உலர்த்தி இடித்து, பழைய வேட்டித் துணியில் சலியுங்கள். சலித்ததை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி ஒரு நிமிடம் விடுங்கள். மணல் அடியில் தங்கும். மேலே கலங்கி நிற்கும் தண்ணீரை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் வடித்து, ராத்திரி அப்படியே வையுங்கள். காலையில் மேல் தண்ணீர் தெளிந்திருக்கும், அதைச் சாய்த்துக் கொட்டினால் அடியில் வெண்ணெய் போல ஒரு குழம்பு இருக்கும். அதுதான் வண்ணம். இரண்டு பங்கு குழம்புக்கு ஒரு பங்கு பசை சேருங்கள். ஃபெவிகாலும் போதும், வேப்பம்பிசினை ராத்திரி ஊறவைத்து வடிகட்டியதும் போதும். தாளில் ஒரு தீற்று தீற்றிக் காயவிட்டு விரலால் தேயுங்கள். பொடி ஒட்டினால் பசை பற்றவில்லை. காய்ந்தது வெடித்துப் பொருக்காக உரிந்தால் பூச்சு தடிமன், தண்ணீர் விட்டு மெல்லிசாகப் பூச வேண்டும். இந்தச் சோதனையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே செய்து அளவைக் கண்டுபிடிப்பார்கள், நீங்கள் சொல்ல வேண்டாம்.

கறுப்புக்கு அடுப்புக்கரி, செங்கல் நிறத்துக்குச் செங்கல் பொடி, வெள்ளைக்கு சாக்பீஸ் தூள். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. மைதாப் பசை காய்ச்சினால் அதில் மயில்துத்தம் கலக்க வேண்டாம். போஸ்டர் ஒட்டுபவர்கள் பூச்சி வராமல் இருக்கக் கலப்பார்கள், ஆனால் அது விஷம். பள்ளிக்கு வேண்டிய பசையை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளலாம். மஞ்சளையும் பயன்படுத்தலாம், ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் வகுப்பு: ஒரு வேப்பிலை

வகுப்பு தொடங்கியதும் இலையைக் காட்டாமலே "ஒரு வேப்பிலையை வரையுங்கள்" என்று சொல்லுங்கள். மூன்று நிமிடம் கொடுங்கள். எல்லாரும் மாவிலை மாதிரி ஒன்றை, நடுவில் நேர்க்கோடு, இரண்டு பக்கமும் சமமாகப் போட்டுத் தருவார்கள். தாளைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு வேப்பங்கொத்தைக் கையில் கொடுங்கள். இப்போது பென்சில் வேண்டாம். பார்க்க மட்டும் ஐந்து நிமிடம்.

பிறகு கேளுங்கள்: "ஓரம் வழுவழுப்பா இருக்கா, பல்லுப் பல்லா இருக்கா?" "நடு நரம்பு நேரா போகுதா, வளையுதா?" "நரம்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே அகலமா?" இந்த மூன்றாவது கேள்வியில் வகுப்பு அமைதியாகும். வேப்பிலை அரிவாள் போல வளைந்தது, நரம்பின் ஒரு பக்கம் குறுகலாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும், காம்புப் பக்கம் இரண்டு பாதியும் ஒரே இடத்தில் தொடங்காது. பிறந்ததிலிருந்து வேப்பமரத்தடியில் விளையாடும் பிள்ளை அன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறது. எத்தனை வகுப்பில் செய்தாலும் யாராவது ஒரு பிள்ளை "ஆமா டீச்சர், கோணலா இருக்கு!" என்று கத்தும். அந்தக் குரலுக்காகத்தான் இந்த வகுப்பு.

இப்போது மறுபடி வரையட்டும், பெரிதாக, தாள் முழுக்க ஒரே இலை. பத்து நிமிடம். கடைசியில் முதல் படத்தையும் இரண்டாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எது அழகு என்று கேட்க வேண்டாம். "இரண்டாவதில் என்ன புதிதாக வந்திருக்கிறது?" என்று கேளுங்கள். இரண்டு தாளிலும் பெயரும் தேதியும் எழுதி வாங்கி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்த வகுப்புகளுக்கும் இதே முறைதான்: பூவரசம் இலை, தன் செருப்பு, தண்ணீர்க் குழாய், சத்துணவுத் தட்டு, ஜன்னல் வழியாகத் தெரியும் ஒரு துண்டு தெரு. கடைசியாகச் சொன்னதற்கு, பழைய அட்டையில் தீப்பெட்டி அளவு ஓட்டை வெட்டிக் கொடுத்தால், எதை வரைவது என்ற தடுமாற்றம் போய்விடும். ஓட்டைக்குள் தெரிவதை மட்டும் வரைந்தால் போதும். இலையின் நரம்புள்ள பின்பக்கத்தை மேலாக வைத்து, அதன்மேல் தாளை விரித்து, உறை உரித்த கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்கும் வேலையும் ஒரு நாளைக்கு நல்லது. முக்கியமாக, "எனக்கு வராது" என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு.

வயதைப் பார்த்து எதிர்பாருங்கள்

குழந்தைகளின் படங்கள் வயதோடு எப்படி மாறுகின்றன என்பதை 1947இல் வரிசைப்படுத்திக் காட்டியவர் விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர். அவர் சொன்ன வயதுக் கணக்கு எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது, ஆனாலும் ஆசிரியருக்குப் பொறுமை கொடுக்கும்.

ஒன்று, இரண்டாம் வகுப்பில் தலையிலிருந்தே கையும் காலும் முளைக்கும். அம்மா வீட்டைவிட உயரமாக இருப்பாள், ஏனென்றால் அம்மா முக்கியம். மூன்று, நான்கில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வரும், எல்லாம் அதன்மேல் நிற்கும். வீட்டுச் சுவர் வழியாக உள்ளே சமைப்பவரும் தெரிவார், பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவரின் காலும் தெரியும். இவை எதையும் திருத்தாதீர்கள். "கை இங்கேயா இருக்கும்?" என்று கேட்பதைவிட, "அம்மா கையில் என்ன வைத்திருக்கிறார்?" என்று கேளுங்கள். அடுத்த நிமிடம் கைக்கு விரல் முளைக்கும்.

உண்மையான சிக்கல் ஐந்தாம், ஆறாம் வகுப்பில் வருகிறது. பத்து பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தன் படம் நிஜம் போல இல்லை என்பது தெரிய ஆரம்பிக்கிறது. நன்றாக வரையும் ஒருவன் வகுப்பில் இருப்பான், மற்றவர்கள் அவனைப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். பலருக்கு ஓவியம் வாழ்நாள் முழுக்க முடிந்துபோகும் இடம் இது. நடுநிலைப் பள்ளி ஆசிரியர் தன் முழுக் கவனத்தையும் இங்கே வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த வயதுக்கு இரண்டு மருந்து உண்டு. ஒன்று, நேரடியான உத்திகளைக் கற்றுக்கொடுப்பது. இடது கையை மேசையில் வைத்து, தாளைப் பார்க்காமல், கண் கையின் ஓரத்தில் எறும்பு வேகத்தில் நகர, பென்சிலும் கூடவே நகர வேண்டும். வரும் படம் கோணல்மாணலாக இருக்கும், எல்லாருடையதும் அப்படியே இருக்கும், நன்றாக வரைபவனுடையதும் கூட. ஆனால் நகத்தடி, மூட்டுச் சுருக்கம் எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, நிஜம் போல இருக்க வேண்டிய தேவையே இல்லாத வேலைகள்: வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி அச்சு, பழைய பத்திரிகையைக் கிழித்து ஒட்டும் படம், களிமண், எழுத்து வடிவங்கள். தன் பெயரின் முதல் எழுத்தைத் தாள் முழுக்கப் பெரிதாக வரைந்து அதன் வளைவுகளுக்குள் கோலம் நிரப்பச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பையன்கள்கூடத் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள்.

களிமண்ணுக்கு ஒரு குறிப்பு. கல்லும் வேரும் பொறுக்கி, நன்றாகப் பிசைந்த மண்ணாக இருக்க வேண்டும். எந்தப் பகுதியும் கட்டைவிரல் தடிமனைத் தாண்டினால் காயும்போது வெடிக்கும். வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிடுங்கள்.

தோல் நிறம்

கிரேயான் பெட்டியில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு குச்சி இருக்கும். பிள்ளைகள் அதை "ஸ்கின் கலர்" என்பார்கள். வகுப்பில் ஒருவர் தோலும் அந்த நிறத்தில் இருக்காது, ஆனால் தன்னை வரையும்போது எல்லாரும் அந்தக் குச்சியைத்தான் கேட்டுச் சண்டை போடுவார்கள். இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடாதீர்கள்.

தன் உருவத்தை வரையும் வகுப்பன்று கிரேயானை ஒதுக்கிவிட்டு மண் வண்ணங்களை எடுங்கள். செம்மண், கரி, மஞ்சள், சாக்பீஸ் தூள் நான்கையும் கொட்டாங்குச்சியில் வைத்து, ஒவ்வொருவரும் தன் புறங்கை நிறத்தைக் கலந்து கண்டுபிடிக்க வேண்டும். கலந்ததைப் புறங்கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கலாம். பொட்டு தெரியாமல் மறைந்தால் நிறம் சரி. வகுப்பு முழுக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளங்கையும் புறங்கையும் வேறு நிறம் என்பதை யாராவது கவனிப்பார்கள். கறுப்பு என்று ஒரு பிள்ளையைக் கேலி செய்யும் வகுப்பானால், எந்த அறிவுரையும் இல்லாமல் முதலில் உங்கள் கை நிறத்தை நீங்களே கலந்து காட்டித் தொடங்குங்கள்.

படத்தைப் பேசவைப்பது

வரைவதோடு, படத்தைப் பார்த்துப் பேசவும் பழக்க வேண்டும். மாதம் ஒருமுறை இருபது நிமிடம் போதும். புதுக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் உள்ள தாமரைக்குளத்தை ஸ்மார்ட் போர்டிலோ, இல்லையென்றால் வண்ண அச்சிலோ காட்டுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டுச் சமண ஓவியம் என்ற விவரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு நிமிடம் மௌனமாகப் பார்க்கட்டும். பிறகு மூன்றே கேள்வி: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறென்ன தெரிகிறது?

அபிகேல் ஹவுசன், பிலிப் யெனவைன் என்ற இருவர் அமெரிக்காவில் உருவாக்கிய முறை இது. எளிமையாகத் தெரியும். கடைப்பிடிப்பது கஷ்டம், ஏனென்றால் ஆசிரியர் சரி, தப்பு சொல்லக் கூடாது. ஒரு பிள்ளை சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லி, படத்தில் அந்த இடத்தைக் கையால் காட்டினால் போதும். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இலைக்கும் பூவுக்கும் நடுவே எங்கே தண்ணீர் என்று ஒருவர் கேட்பார், அதற்கு இன்னொரு பிள்ளை பதில் சொல்லும். தமிழ்ப் பாடவேளையில் வாயே திறக்காத பிள்ளை இங்கே பேசுவதைப் பார்க்கலாம்.

பிள்ளைகளின் சொந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். "சூப்பர்" என்பதில் அந்தப் பிள்ளைக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. "ஆட்டுக்குட்டி காதை ரெண்டையும் வேற வேற பக்கம் திருப்பியிருக்கியே" என்றால், நீங்கள் பார்த்தீர்கள் என்று அதற்குத் தெரியும். பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் படவே கூடாது. எதையாவது காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வேறொரு துண்டுத் தாளில் காட்டி, பிறகு அதைக் கசக்கிப் போட்டுவிடுங்கள்.

மற்றப் பாடங்களோடு

எல்லாப் பாடத்திலும் படம் வரையச் சொல்வதை ஓவியம் என்று எண்ணிவிட வேண்டாம். செம்பருத்திப் பூவின் பாகங்களைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்து பெயர் குறிப்பது அறிவியல் வேலை. பூவையே பார்த்து வரைந்தால் இரண்டும் சேரும்.

சேர்த்துச் செய்ய ஏற்ற பொருள்கள் நம் கையில் நிறைய. ஆறாம் வகுப்புக் கணக்குக்குச் சிக்குக் கோலத்தை எடுங்கள். செவ்வகமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடுகள் குறுக்காக வெட்டிக்கொள்ளும்படி புள்ளிகளைச் சுற்றி வர வேண்டும். மூன்றுக்கு இரண்டு புள்ளி வைத்தால் ஒரே கோட்டில் கோலம் முடியும். மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று தனித்தனிக் கோடு வேண்டும். நான்குக்கு இரண்டு என்றால் இரண்டு. ஐந்துக்கு மூன்று என்றால் மறுபடி ஒன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பட்டியல் போட்டால், கோடுகளின் எண்ணிக்கை அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பையன்களும் கோலம் போட வேண்டும். இதில் விலக்கு வேண்டாம்.

ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு, தாளில் மஞ்சள் குழைத்துப் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரில் தோய்த்த குச்சியால் வரையுங்கள், சிவப்புக் கோடு வரும். செம்பருத்தி இதழைத் தேய்த்த தாளில் எலுமிச்சைச் சாறு சிவப்பாகவும் சோப்புத் தண்ணீர் பச்சையாகவும் கோடு போடும். அமிலமும் காரமும் மறக்காது. சமூக அறிவியலில் தன் தெருவின் வரைபடம் ஒரு முழு மாதத்துக்குத் தாங்கும்.

ஊரிலிருந்து ஆள் கூப்பிடுவது

பானை வனைபவர், பனையோலை முடைபவர், சுவர் விளம்பரம் எழுதும் பெயிண்டர், நன்றாகக் கோலம் போடும் ஒரு பாட்டி: இவர்களில் ஒருவரைப் பருவத்துக்கு ஒருமுறை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். போக்குவரத்துச் செலவோடு, ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் பணம் கொடுக்க வேண்டும். சால்வை மட்டும் போர்த்தி அனுப்பாதீர்கள், அவர் அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வருகிறார்.

வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, "ஐயா", "அம்மா" என்று பிள்ளைகள் அழைக்கப் பழக்குங்கள். கைத்தொழிலைப் பற்றிப் பேசும்போது சாதி உடனே அறைக்குள் வந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளையை எழுப்பி, "உனக்குத்தான் இது நல்லா வருமே" என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. எல்லாக் கையும் மண்ணில் படட்டும், வந்தவரின் திறமையை ஆண்டுக்கணக்கான பழக்கமாகச் சொல்லுங்கள், பரம்பரையாகச் சொல்லாதீர்கள்.

கண்பார்வை குறைந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் களிமண்ணும், தாளில் பசை தடவி ஒட்டிய சணல் கயிற்றுக் கோடும் அவர்களுக்கு மட்டும் என்று வைக்காமல், அன்றைக்கு வகுப்பு முழுவதற்கும் அதையே வேலையாகக் கொடுங்கள்.

சுவரும் போட்டியும்

பள்ளிச் சுவரில் பெயிண்டர் வரைந்த கார்ட்டூன் உருவங்கள் பளபளவென்று இருக்கும். பிள்ளைகள் வரைந்தது எங்கேயும் இருக்காது. ஒரு சுவரை, அதுவும் பிள்ளைகளின் கண் உயரத்தில், அவர்களுக்கு என்று கேளுங்கள். கயிறு கட்டிக் கிளிப் போட்டால் போதும். நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்து மாட்ட வேண்டாம், எல்லாருடையதும் முறை வைத்து வரட்டும். கீழே பெயரும், பிள்ளை தன் படத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வரியும் இருந்தால் பெற்றோர் நின்று படிப்பார்கள்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. ஓவியத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது நல்ல வாசல், கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் அதற்குத் தயாராவதே ஓவிய வகுப்பு என்று ஆகிவிடக் கூடாது. போட்டிக்கு இரண்டு பேரைத் தயார்செய்ய மீதி முப்பத்தெட்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தால், அந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியருக்கே கொடுத்திருக்கலாம்.

கோப்பு

மதிப்பெண் போடாதீர்கள், நட்சத்திரமும் வேண்டாம். ஜூன் மாதமே பழைய சார்ட் அட்டையை மடித்து ஆளுக்கொரு கோப்பு செய்து, எல்லாப் படத்தையும் தேதியோடு அதில் போட்டு வாருங்கள். பதிவேட்டுக்கு ஏதாவது எழுத வேண்டுமென்றால் மூன்றைக் கவனித்து ஒரு வரி எழுதலாம்: பொருளை உற்றுப் பார்க்கிறதா, ஆரம்பித்ததைத் தொடர்ந்து செய்கிறதா, தன் படத்தைப் பற்றிப் பேசுகிறதா. டிசம்பரில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை கோப்பை முழுக்கப் பிரித்துத் தரையில் பரப்பி, பிள்ளையையே தனக்குப் பிடித்த இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், ஏன் என்றும் கேளுங்கள்.

ஆண்டு முடியும்போது கோப்பைப் பிள்ளையிடமே கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் ஆளுக்கு ஒரு படத்தை, அவர்கள் சம்மதித்தால் மட்டும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றோடு, எந்த வாரம் என்ன செய்தீர்கள், எதற்கு எவ்வளவு பொருள் ஆனது, எது எடுபடவில்லை என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். நீங்கள் மாறுதலில் போய்விட்டாலும் ஜூனில் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.